தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

மலையகத்துச் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தாலே நாங்கள் எல்லாரும் ஒரு தொகையைத்தான் சொல்கிறோம். 2016இல் 730 ரூபா. 2021இல் 1000 ரூபா. 2024 செப்டெம்பரில் 1350 ரூபா. பேச்சுவார்த்தை, வர்த்தமானி, வழக்கு, பட்டாசு என்று எல்லாம் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்குது. ஆனால் அந்தத் தொகை ஒரு பெண்ணின் கைக்கு முழுசாக வருமா, பாதியாக வருமா என்று தினமும் முடிவாகும் இடம் தோட்டத்துக் கொழுந்து மடுவம். அங்கே தராசைப் பார்த்துக் கிலோவைப் புத்தகத்தில் பதிகிற ஆளைப் பற்றி நாங்கள் எழுதுவது மிகக் குறைவு. திட்டுவதோடு விட்டுவிடுகிறோம். அவர் எங்கிருந்து வந்தார், அவருக்கு என்ன சம்பளம், அந்த வேலைக்கு இனி என்ன எதிர்காலம் என்று கொஞ்சம் பார்ப்போம்.

தோட்டத்துக்கு வெளியே வளர்ந்த நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் ‘பேர்’ என்று சொல்லுவாங்க. தோட்ட நிர்வாகம் வைத்த கிலோ அளவைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். கொழுந்து வழமையாக ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுக்கப்படும். ஒவ்வொரு தடவையும் சாக்கு எடை, மழை ஈரம், முற்றல் இலை என்று ஏதாவது கழிப்பார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்மா 20 கிலோ பறிக்கிறார். மூன்று நிறுவையிலும் நியாயமான கழிவுக்கு மேல் ஒவ்வொரு கிலோ வெட்டினால் புத்தகத்தில் விழுவது 17. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர். 2024இன் 1350 ரூபாக் கணக்கில் 675 போச்சு. மூன்று கிலோவுக்குக் கொடுத்த விலை அது.

கணக்கு தெரிந்தவரின் அதிகாரம்

இந்த ஏற்பாட்டின் வேர் கோப்பிக் காலத்திலேயே இருக்கு. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி, தன் ஆட்களில் வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ‘தலைக்காசு’ வாங்கினார். வழிச்செலவு, முற்பணம் எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தக் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். புதிய தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆள் மாறலாம். எழுத்துத் தெரியாத சனத்துக்கு அந்தக் கடன் எப்படிக் கூடியது என்று எப்படித் தெரியும்? பேரேடு எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த இருபது வருடத்துக்குள் இலை நோய் கோப்பியை அழித்துவிட, மலையெல்லாம் தேயிலையானது. இங்கே முக்கியமான ஒரு மாற்றம் நடந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்குக் கொழுந்து வருடம் முழுக்க வரும். பறித்த அன்றே நிறுத்து, அன்றே பெக்டரிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே நிறுவையும் பதிவும் தினசரி வேலையாயின. கணக்கப்பிள்ளை, கண்டக்டர், கிளாக்கர், டீமேக்கர் என்று மாதச் சம்பளம் வாங்கும் ஒரு நடு வரிசை நிலையாக உருவானது. ஆங்கிலமும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடமே இல்லாத அந்தக் காலத்தில், இந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தார்கள், இந்தியாவிலிருந்தும் வந்தார்கள்.

சட்டம் தொடாத இடம்

1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமானது. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுத்தவர்களோ தொடக்கத்திலிருந்தே ஆண்கள்.

இந்தச் சட்டங்கள் பெரிய வெற்றிகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று சட்டம் சொன்னதே தவிர, எது ஒரு முழு நாள் என்று முடிவு செய்யும் அதிகாரம் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. அப்போது றாத்தல், இப்போது கிலோ, அவ்வளவுதான் வித்தியாசம். பிற்காலக் கூட்டு ஒப்பந்தங்களும் இதை மாற்றவில்லை. 2016இன் 730 ரூபாவைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படை 500, விலைப் பங்கு 30, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140. கடைசியில் உள்ள 140 ரூபா கிலோ அளவை நம்பி நின்றது. அதாவது தராசில் எழுதப்படுவதை நம்பி நின்றது. 2021இல் 1000 ரூபா வந்தபோது பல தோட்டங்களில் கிலோ அளவைக் கூட்டிவிட்டார்கள் என்று தொழிலாளர்கள் முறைப்பட்டதும் இதே கதைதான்.

அவருக்கு என்ன அழுத்தம்?

நிறுப்பவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. அவருடைய வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரியும்.

மலையில் நிறுத்த கொழுந்து பெக்டரியில் திரும்பவும் நிறுக்கப்படும். இடையில் ஈரம் காயும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மலைக் கணக்கும் பெக்டரிக் கணக்கும் பொருந்தாவிட்டால் துரையிடம் பதில் சொல்ல வேண்டியவர் மலைக் கணக்கு எழுதியவர். குறைவு வந்தால் அவருக்குப் பேச்சு, கூடுதலாக வந்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அப்போ அவர் என்ன செய்வார்? முன்கூட்டியே கொஞ்சம் வெட்டி வைப்பார். அவர் சட்டைப்பைக்கு ஒரு சதமும் போகாமலே, அவருடைய வேலையின் பாதுகாப்புக்காகக் கூடையிலிருந்து கிலோ போகிறது.

சம்பளமும் அவரைப் பிரித்தே வைத்தது. தொழிலாளிக்கு நாட்கூலி, அவருக்கு மாதச் சம்பளம். தொழிலாளிக்கு லயம், அவருக்குக் குவாட்டஸ். மழையிலே பறிப்பு நின்றால் தொழிலாளியின் பேர் போகும், அவருடைய மாதம் போகாது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் கட்டினார். 1940 அளவில் இலங்கை இந்தியக் காங்கிரசும் தொழிற்சங்கத்தில் இறங்கியது. கிளாக்கர்மாரும் கண்டக்டர்மாரும் இவற்றில் இல்லை. அவர்களுக்குத் தோட்டச் சேவையாளர் சங்கம் தனி, ஒப்பந்தமும் தனி. ஒரே தராசின் இரண்டு பக்கம் நின்றவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் நிலையே வரவில்லை. நிர்வாகத்துக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

இனி இந்த வேலை?

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள் அரச வேலைகளுக்குப் போட்டியிட முடியாத காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துக் கணக்கப்பிள்ளையாக, கிளாக்கராக வர ஆரம்பித்த நேரத்தில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிகள் ஆட்செலவைக் குறைக்கப் பார்த்தன.

இன்று சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. நிறுத்த உடனே கிலோ கணினிக்குப் போகும், கையால் எழுதும் பதிவு குறையும். இன்னொரு பக்கம் காணித் துண்டுகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொழுந்து வாங்கும் முறையும் பரவுது. அங்கே பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. முழு வருமானமுமே கிலோதான். நிறுக்கிற உத்தியோகம் சுருங்கச் சுருங்க, நிறுவையின் முக்கியத்துவம் கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் வயதுத் தோட்டத்து இளைஞர்களுக்கு இந்த வெளிக்கள உத்தியோகம் இன்னும் ஒரு கனவுதான். சாதாரண தரம், உயர்தரம் முடித்து, ஊரை விட்டுப் போகாமல், மாதச் சம்பளத்தில் கிடைக்கக்கூடிய சில வேலைகளில் அதுவும் ஒன்று. அதற்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தன் அம்மாவின் கூடையை மகனே நிறுக்கும் நிலை வந்திருக்கும்போது, எந்த நிபந்தனையோடு அந்த வேலையைச் செய்வது என்று அவர் கேட்க வேண்டும் என்கிறோம்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. தராசின் முகம் பறித்தவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டுச்சீட்டு வேண்டும். சாக்கு எடையும் ஈரக் கழிவும் எவ்வளவு என்று மடுவத்தில் எழுதித் தொங்க வேண்டும். பெக்டரிக் கணக்கோடு வரும் வித்தியாசத்தை நிறுத்தவர் தலையில் கட்டக் கூடாது. பெண்களும் நிறுக்கும் வேலைக்கு வர வேண்டும். இவற்றில் பாதி தொழிலாளிக்கான கோரிக்கை, பாதி நிறுப்பவருக்கான கோரிக்கை. இரண்டு சங்கங்களும் சேர்ந்து கேட்கக்கூடியவை.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போது தொகையைப் பற்றி நாங்களும் சண்டை பிடிப்போம். அதற்கு முன் லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒருநாள் மடுவம் வரைக்கும் நடந்து போங்க. முள் எங்கே நிற்கிறது என்று யாருக்கெல்லாம் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று பார்த்து எழுதி அனுப்புங்க.