பலாலியில் இருந்து சென்னை எவ்வளவு தூரம்?



தூரத்தை வேகத்தால் பிரித்தால் நேரம் வரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் ஊர் வரலாற்றில் அந்தக் கணக்குப் பல தடவை பிழைத்திருக்கிறது.

உடுப்பிட்டியில் இருந்து தொண்டைமானாற்றைத் தாண்டினால் பலாலிப் பக்கம். அங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 290. திருச்சிக்கு 185 அளவில்தான்.

1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் இருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்ட எங்கள் பலாலியில் இறங்கி, மதராசுக்குப் போனது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த டக்கோட்டா விமானத்தின் வேகத்துக்கு இங்கிருந்து மதராஸ் ஒன்றரை மணித்தியாலம் அளவில் வரும்.

போர் வந்தது. பலாலி படைத்தளமானது. அதன்பின் வடக்கே இருக்கிற சென்னைக்குப் போக, முதலில் தெற்கே கொழும்புக்குப் போகவேண்டும். பிறகு கட்டுநாயக்காவில் ஏறித் திரும்பவும் வடக்கே 645 கிலோமீற்றர் பறக்கவேண்டும். பாதை திறந்திருந்தால் ஒரு முழு நாள். கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்த காலத்தில் கொழும்பைப் பிடிக்கவே நாட்கள் எடுத்தன. ஒரு மரணவீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரமுடியாமல் போன குடும்பங்கள் எத்தனை!

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று அலையன்ஸ் எயார் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் சேர்ந்தன. சுமார் எழுபது பேர் ஏறும் சிறிய விமானம்தான். சென்னைக்கு எடுக்கும் நேரம் ஒன்றேகாலில் இருந்து ஒன்றரை மணித்தியாலம். சுற்றிச் சுற்றி 1947இன் கணக்குக்கே வந்து நிற்கிறோம்.

கடலும் நகரவில்லை, சென்னையும் நகரவில்லை. நேரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து புத்தளம் நேர்கோட்டில் 180 கிலோமீற்றர் அளவுதான். அந்தத் தூரத்தைத் திரும்பி வரப் பலருக்கு இருபது வருடம் எடுத்தது. வராமலே மௌத்தானவர்களும் இருக்கிறார்கள்.

அதே 1990இல்தான் பலாலியிலும் மயிலிட்டியிலும் இருந்த சனம் இடம்பெயர்ந்தது. இன்று அந்த ஓடுபாதையில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னைக்குப் போகலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள காணிகளின் சொந்தக்காரர் பலர் இன்னும் தங்கள் வளவுக்குப் போகமுடியாமல் இருக்கிறார்கள்.

விமானம் ஏறும்போது யன்னலால் கீழே பாருங்கள். அந்தக் காணிகள் தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், அவை யாருடையவை என்று சொல்லிக்கொடுங்கள்.