சேலத்துக் கொல்லரின் காற்றுக் கணக்கு

சேர்வராயன் மலையடிவாரத்தில் இரும்பு உருக்கிய கொல்லர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு, காரண அறிவு கிடையாது என்று சொல்லிப் பழகிவிட்டோம். எரிவாயுவைக் குமிழ் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் காலத்துக்கு முன்பே அவர்கள் சுடரையும் வாயுவையும் தனித்தனியே ஆண்டார்கள் என்பதே என் முடிவு. அதற்குச் சாட்சி, கம்பெனி உத்தியோகத்தை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதியது. உலை நாலைந்து அடி உயரம், முழுக்கக் களிமண். வயிற்றைக் கிழிக்காமல் உரித்த ஆட்டுத்தோல்தான் துருத்தி. கால் துளைகளைக் கட்டி, கழுத்தில் மூங்கில் குழல் பொருத்தி, வால்பக்கத் துளையில் இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்திருப்பார்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் காற்று உலைக்குள் பாயும். விரித்து இழுத்தால் தோல் மறுபடி நிரம்பும். கைக்கு ஒன்றாக இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி இயக்கியதால் காற்று விட்டுவிட்டு வராமல் ஏறக்குறைய சீராக வந்தது. இந்தச் சீர்தான் முக்கியம். சூடு மிஞ்சி இரும்பு கரியை அதிகம் உண்டால் அது வார்ப்பிரும்பாகும், சம்மட்டிக்கு உடையும்.

உருக்கு செய்யும்போது வேலை இன்னும் நுட்பமானது. இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மூசையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள். இலையும் குச்சியும் வெந்து எழும் வாயு வெளியேற வழியின்றி இரும்போடு தங்கி, அதை விரைவில் உருக்காக்குகிறது என்று ஹீத் விளக்கினார். நிலக்கரி வாயுவால் இரும்பை உருக்காக்க 1825இல் சார்லஸ் மெக்கின்டாஷ் பெற்ற காப்புரிமையை அவர் இதற்கு ஒப்பாகக் காட்டினார். கரியேற்றத்தில் பெரும்பங்கு மூசையில் மிஞ்சும் கரிக்குத்தான், வாயுவுக்கு அல்ல என்று மறுக்கலாம். இருக்கட்டும், அப்போதும் வெளிச்சுடரின் காற்று இரும்பைத் தீண்டாமல் காத்தது அந்த அடைப்புதான். வெளியே சுடரைக் கை ஆண்டது, உள்ளே வாயுவை மண் ஆண்டது.

அத்தனை தேர்ச்சி இருந்தால் தொழில் ஏன் அழிந்தது என்பார்கள். தாதில் பாதிக்குமேல் கசடோடு போனது உண்மைதான். ஆனால் கஞ்சமலையிலும் கோதுமலையிலும் தாதுக்குப் பஞ்சமில்லை; தட்டுப்பாடு மரக்கரிக்குத்தான். சீமைப் பாணியில் பெரிய உலைகள் கட்டிய ஹீத்தின் ஆலையும் மரக்கரியை நம்பியே நின்று நொடித்தது. மலிவான சீமை இரும்பு வந்து குவிந்ததும், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டைக் கட்டுப்படுத்தியதும் சிற்றுலைகளை மேலும் நெருக்கின. சந்தையும் சட்டமும் செய்ததைக் கொல்லரின் அறியாமைமேல் ஏற்றுவது நியாயமில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் இன்று நிற்கும் உருக்காலையின் வரலாற்றை எழுதுவோர் அந்த ஆட்டுத்தோல் துருத்தியிலிருந்து தொடங்க வேண்டும்.