திரையில் அரக்கர் நிறம்: பெங்களூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அரக்கர், அசுரர், தானவர் எனப்படுவோர் இதிகாச, புராணங்கள் படைத்த கற்பனைக் குலத்தினர். ஏட்டில் அவர்கள் சொல்லால் ஆனவர்கள். திரைக்கு வரும்போதோ மனித உடலோடுதான் தோன்ற இயலும். அவ்வுடலுக்கு எந்நிறம் பூசுவது என்பது ஒப்பனை பற்றிய வினா மட்டுமன்று. அந்நிறத்தை இயல்பாக உடைய மக்களின் மதிப்போடு தொடர்புடைய வினாவுமாகும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய மொழிப் படங்கள் ஒரே நகரில் ஓடுவதும், ஆப்பிரிக்க மாணவர் பலர் தங்கிப் பயில்வதுமான பெங்களூர் இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற களமாகும். திரையில் அரக்கருக்கு உரியதாகிவிட்ட கருமை, மரபின் வழி வந்ததா, பிற்காலத்தில் ஏற்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கிய மரபில் கருமை

தமிழ் மரபில் கருமை இழிவின் அடையாளமன்று. முல்லை நிலத் தெய்வமாகிய மாயோன் நிறத்தாற் பெயர் பெற்றவன். சங்க அகப்பாடல்களில் தலைவியின் மாமை நிறம் அழகாகப் போற்றப்படுகிறது. அந்நிறம் கெட்டு வெளிறிப் பரவும் பசலையே துயரின் அடையாளமாகிறது. வடமொழி மரபிலும் கிருஷ்ணன் என்னும் பெயர் கரியவன் என்றே பொருள்படும். வியாசரும் திரௌபதியும் அந்நிறத்தாலேயே பெயர் பெற்றனர்.

இராமாயணத்தில் இராவணன் கரியவன் என்பது உண்மை. ஆனால் இராமனும் கரியவனே. கம்பர் இராமனின் மேனியைக் கார்முகிலோடும் கடலோடும் மையோடும் ஒப்பிடுகிறார். ஆகவே நிறம் நாயகனையும் பகைவனையும் பிரிக்கும் கோடாக அக்காப்பியத்தில் அமையவில்லை. வேடனாகிய குகனையும் வானரனாகிய சுக்கிரீவனையும் அரக்கனாகிய வீடணனையும் முறையே ஐந்தாம், ஆறாம், ஏழாம் உடன்பிறப்பாக இராமன் ஏற்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கன்னடச் சமண மரபு

கருநாடகத்தில் இதனினும் துணிவான மாற்றம் நிகழ்ந்துள்ளது. விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய பௌமசரியம் தொடங்கிவைத்த சமண மரபில் அரக்கர் கொடிய விலங்கனையர் அல்லர். வித்தைகள் கற்ற வித்யாதரர் குலத்தின் ஒரு கிளையினர். வானரரும் குரங்குகள் அல்லர். குரங்குக் கொடியை உடைய மனிதர். இம்மரபைப் பின்பற்றிய நாகசந்திரர் கி.பி. 12ஆம் நூற்றாண்டையொட்டிக் கன்னடத்தில் இயற்றிய பம்ப ராமாயணத்தில் இராவணன் தன் பிழையை உணர்ந்து வருந்தும் அவலத் தலைவனாக உயர்கிறான். 1949இல் வெளிவரத் தொடங்கிய குவெம்புவின் ஸ்ரீ ராமாயண தர்சனமும் இராவணனின் மனமாற்றத்திற்கு இடமளித்தது. பழங்கதையைத் தழுவும்போது ஒரு குலத்தையே இழிவுபடுத்தாமல் படைக்க இயலும் என்பதற்கு இவை சான்றுகளாம்.

சொல்லிலிருந்து உடலுக்கு

அவ்வாறாயின் அரக்கர் நிறத்திற்கு இனப்பொருள் ஏற்பட்டது எவ்வாறு? ஒரு சொல்லின் உரை வரலாறு இதனை விளக்க உதவும். இருக்கு வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் தஸ்யுக்கள் ‘அநாஸ’ எனச் சுட்டப்படுகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் ஆதரவில் உரை வரைந்த சாயணர், இதற்கு வாயற்றவர், அதாவது பேச்சற்றவர் எனப் பொருள் கொண்டார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் அச்சொல்லையே வேறுவகையாகப் பிரித்து மூக்கற்றவர் எனப் பொருள் கண்டனர். மொழி வேற்றுமையாக உணரப்பட்டது உடல் வேற்றுமையாக மாறியது. அரக்கர் என்போர் கருநிறப் பழங்குடியினரே என்னும் கருத்து இவ்வகை ஆராய்ச்சிகளின் வழிப் பரவியது.

தமிழகத்தில் அக்கருத்து தலைகீழாக்கப்பட்டது. புலவர் குழந்தையின் இராவண காவியம் (1946) இராவணனைத் தமிழர் தலைவனாக்கிப் பாடியது. 1948இல் விதிக்கப்பட்ட தடை 1971இல் நீக்கப்பட்டது. பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) கருமையை உழைப்பின் நிறமாகவும் வெண்மையை அதிகாரத்தின் நிறமாகவும் காட்டியது. இவை இழிவைப் பெருமையாக மாற்றின. எனினும் நிறத்தின்வழி அணி பிரிக்கும் முறை இவற்றிலும் தொடர்ந்தது.

நீலமும் கறுப்பும்

நிறப்பிரிவினை காட்சியாக நிலைபெற்றது அச்சுக்கலையாலும் வண்ணத் திரைப்படத்தாலும் ஆகும். இரவிவர்மா 1894இல் நிறுவிய அச்சகத்தின் படங்களும் அவற்றைத் தொடர்ந்த நாட்காட்டிப் படங்களும் தெய்வ உருவங்களை வீடுதோறும் சேர்த்தன. 1965இல் பெங்களூரில் ஐ.பி.எச். பதிப்பகத்தின் ஜி.கே. அனந்தராம் கன்னடத்தில் தொடங்கிய படக்கதை வெளியீடு, பின்னர் அனந்த் பையின் ஆசிரியப் பொறுப்பில் அமர் சித்திரக் கதையாக நாடெங்கும் பரவியது. இவ்வகைப் படங்களில் கண்ணனும் இராமனும் நீல நிறம் பெற்றனர். அரக்கர்க்குக் கறுப்பும் பழுப்பும் எஞ்சின. 1963இல் வந்த ‘லவகுசா’ போன்ற வண்ணப் படங்கள் நீல இராமனைத் திரையில் நிலைநிறுத்தின. இலக்கியத்தில் ஒன்றாயிருந்த கருமை இவ்வாறு இரண்டாயிற்று. தெய்வத்திற்கு உரிய பகுதி, மண்ணில் எம்மனிதருக்கும் இல்லாத நீலமாயிற்று. மனிதர்க்கு உள்ள கறுப்போ அரக்கர்க்கு உரியதாயிற்று.

இதற்கு மாறான போக்கும் உண்டு. ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) டி.கே. பகவதியின் நடிப்பில் இராவணனை இசைவல்ல பேரரசனாகக் காட்டியது. கன்னடத்தில் ராஜ்குமார் ‘மகிஷாசுர மர்த்தினி’ (1959), ‘பக்த பிரகலாதா’ (1983) ஆகிய படங்களில் அசுர வேந்தராக நடித்தார். நாயக நடிகரே ஏற்றமையால் அசுரன் தனக்கென ஒரு நியாயமும் வீறும் உடையவனாகத் தோன்றினான்.

காலகேயர்

மகாபாரதத்தின் வனபருவத்தில் காலகேயர், கடலுள் ஒளிந்திருந்து இரவில் முனிவரைக் கொல்லும் தானவர். அகத்தியர் கடல்நீரைக் குடித்தபின் அழிகின்றனர். 2015 சூலையில் வெளிவந்த ‘பாகுபலி’ இப்பெயரை எடுத்து, கரிய மேனியும் கோர உருவமும் கொண்ட படையாக அவர்களை அமைத்தது. அவர்களுக்கென மதன் கார்க்கி ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கி மொழியை உருவாக்கினார். புரியாத பேச்சு, கரிய உடல் என்னும் இரண்டும் இங்கு ஒருங்கே அமைகின்றன. சாயணர் கண்ட வேற்றுமையும் ஐரோப்பியர் கண்ட வேற்றுமையும் ஒரே படையில் இணைந்தன எனலாம். தலைவனைத் தவிரப் பிறர் பெயரற்ற திரளாகவே நிற்கின்றனர். அப்படத்தின் தமிழ் வடிவில் இடம்பெற்ற ‘பகடை’ என்னும் சொல் அருந்ததியரை இழிவுபடுத்துவதாக மதுரையில் எதிர்ப்பு எழுந்ததும், வசனம் எழுதிய கார்க்கி வருத்தம் தெரிவித்ததும், கற்பனை நாட்டுக் கதையும் உண்மை மக்களைத் தீண்டும் என்பதை உணர்த்தின.

இதே வினா மேலைநாட்டிலும் எழுந்தது. கருநிற ‘டிரௌ’ குலத்தையும் ‘ஓர்க்’ குலத்தையும் பிறவியிலேயே கொடியனவாகக் காட்டும் முறையை மாற்றுவதாக ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2020இல் அறிவித்தது.

2016 சனவரி 31 அன்று பெங்களூர்ப் புறநகரில் சூடான் நாட்டவர் ஒருவரின் மகிழுந்து மோதிப் பெண்ணொருவர் இறந்தார். பின்னர் அவ்வழியே வந்த, அவ்விபத்தோடு தொடர்பற்ற தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. எத்திரைப்படத்தையும் இதற்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் தனியொருவரைக் காணாமல் நிறத்தை மட்டும் கண்டு, ஒருவர் செயலுக்கு மற்றொருவரைப் பொறுப்பாக்கும் பார்வை, பெயரற்ற கரிய திரளைத் திரையில் காணும் பார்வைக்கு அயலானதன்று. ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்கள் வாழ்ந்துவருவதும் இதே கருநாடகத்தில்தான்.

முடிவுரை

அரக்கரை வெளிர்நிறத்தராக்குவது இச்சிக்கலுக்குத் தீர்வாகாது. கருமை இழிவானது என்பதை அது மறைமுகமாக ஒப்புக்கொள்வதாகவே முடியும். அரக்கர்க்குப் பெயரும் நியாயமும் தருதல் ஒரு வழி. நாகசந்திரர் அதனைச் செய்து காட்டியுள்ளார். நீலத்துள் மறைந்துபோன இராமனின் கருமையை அவனுக்கே மீட்டளித்தல் மற்றொரு வழி. கம்பர் அதற்குச் சான்றாகிறார். நாயகனும் பகைவனும் ஒரே நிறத்தவராய் எதிரெதிர் நிற்கும் திரையில், அவர்தம் வேற்றுமையைச் செயலிலன்றி வேறெங்கும் தேட இயலாது.