மணிவிழாப் பருவத்துக் காதல்: இலக்கணமும் திரையும்

தமிழ் அகப்பொருள் மரபு இளமையைப் போற்றிய மரபாகும். களவும் கற்பும் இளையோர்க்கு உரியனவாகவே பெரிதும் பாடப்பெற்றுள்ளன. முதுமைக் காதலுக்குத் தொல்காப்பியம் இரண்டே இடங்களைத் தருகிறது. கற்பியலின் இறுதியில், காமம் நிறைவுற்ற கடைநாளில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி அறம்புரிந்து வாழ்தல் சொல்லப்படுகிறது. அகத்திணையியலோ, இளமை கடந்தபின் எழும் காதலைப் பெருந்திணையின் பாற்படுத்துகிறது. ஆடவன் முதியனாகிப் பெண் இளையளாதல், பெண் முதியளாகி ஆடவன் இளையனாதல், இருவருமே இளமை நீங்கியும் அறத்தை விடுத்துக் காமத்தை நாடல் என இதனை மூவகையாக விரிப்பர் உரையாசிரியர். முதியோர் காதல் அறமாக மாறினால் போற்றப்படும். காதலாகவே நின்றால் பொருந்தாக் காமமாகும் என்பது இதனாற் பெறப்படும்.

இலக்கணம் வகுத்த இவ்வெல்லையைச் சடங்கின் வாயிலாகச் சற்றே நெகிழ்த்திய நிலப்பகுதிகளுள் செட்டிநாடும் ஒன்று. பிறந்த ஆண்டின் பெயர் அறுபதாண்டுச் சுழற்சி முடிந்து மீண்டும் வரும்போது, கணவன் மனைவிக்கு மறுமுறையும் திருப்பூட்டுகிறான். நகரத்தார் இதனைச் சாந்தி என்று வழங்கிப் பெருஞ்சிறப்புடன் நிகழ்த்துவர். பலரும் இதற்கெனத் திருக்கடையூருக்குச் செல்வர். அங்குள்ள இறைவன் மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்தவன். ஆகவே, அறுபதில் நிகழும் அத்திருமணம் சாவைக் கண்முன் நிறுத்திக்கொண்டு செய்யும் திருமணமாகும்.

இதற்குச் செட்டிநாட்டு வாழ்வில் மற்றுமொரு பொருளும் உண்டு. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் எனக் கடல்கடந்து வட்டித்தொழில் புரிந்த ஆடவர் ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் தங்கினர். ஆச்சிமார் வளவு வீடுகளில் குடும்பம் காத்தனர். பாலைத்திணை இங்கே நூற்பொருளன்று, குடும்ப வரலாறு. இளமை பிரிவில் கழிந்த பல இணையர்க்கு, கூடி வாழும் காலமே முதுமையில்தான் வாய்த்தது. அவர்களுக்கு இரண்டாம் திருப்பூட்டு வெறும் சடங்கன்று.

இம்மண்ணிலிருந்து திரைக்குச் சென்றோருள் முதலில் நினைக்கத்தக்கவர் கண்ணதாசன். 1927-இல் சிறுகூடற்பட்டியில் பிறந்து, காரைக்குடிக்குச் சுவீகாரம் வந்தவர். 'பாத காணிக்கை' (1962) படத்திற்காக மனிதனின் இறுதிப் பயணத்தைப் பாடியபோது அவருக்கு வயது 35. அப்பாடலில் மனைவியின் துணையும் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. எட்டாண்டுகள் கழித்து, பி. மாதவன் இயக்கிய 'வியட்நாம் வீடு' (1970) படத்திற்கு அவர் எழுதிய பாடல் இதற்கு நேர்மாறானது. பாரதியின் கண்ணம்மாப் பாட்டிலிருந்து தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, முதிய கணவன் மனைவிக்குச் சொல்லும் நன்றியுரையாக அதனை வளர்த்தெடுத்தார். பிள்ளைகளும் உலகமும் கைவிட்டபின் எஞ்சும் ஒரே துணை மனைவி என்கிறது அப்பாடல். குழந்தையைக் கொஞ்சிய சொல் முதியவனின் வாயில் புதுப்பொருள் கொண்டது. சிவாஜி கணேசன் ஏற்ற பத்மநாபனின் மனைவிக்குக் கதையில் சாவித்திரி என்பது பெயர். ஆயினும் காலனிடமிருந்து கணவனை மீட்க அவளால் இயலவில்லை. படம் கற்பியல் காட்டும் முதுமையைத்தான் வரைந்தது. ஆனால் மக்களும் சுற்றமும் அங்கே துணைநிற்கவில்லை. அறம்புரிசுற்றம் கலைந்த காலத்தின் கற்பியல் அது. கண்ணதாசனோ 1981 அக்டோபர் 17-ஆம் நாள் சிகாகோவில் தம் 54-ஆம் வயதில் மறைந்தார். முதியவனின் நெஞ்சைப் பாடிய கவிஞர் தம் மணிவிழாவைக் காணவில்லை.

அறுபது என்னும் எண்ணையே தலைப்பில் கொண்ட படத்தை அளித்தவர்களும் இப்பகுதியினரே. காரைக்குடி இராம. சுப்பையாவின் மைந்தர் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில், கண்ணதாசனின் அண்ணன் மகன் பஞ்சு அருணாசலத்தின் எழுத்தில் 1979-இல் வெளிவந்தது 'ஆறிலிருந்து அறுபது வரை'. ரஜினிகாந்த் ஏற்ற சந்தானம், உடன்பிறந்தோர்க்காக இளமையைச் செலவிட்டவன். வறுமையில் உடனிருந்த மனைவியைத் தீவிபத்தில் இழப்பவன். புகழும் பொருளும் வந்தபின் அவன் அறுபதை எட்டும்போது அவள் இல்லை. மணிவிழாவிற்கு இருவர் வேண்டும். ஒருவரே எஞ்சிய அறுபது எத்தகையது என்பதை, அச்சடங்கை நன்கறிந்த மண்ணினர் இருவர் காட்டினர் என்பது கருதத்தக்கது.

இவ்விரண்டும் கற்பின் எல்லைக்குள் நின்றவை. எல்லையைக் கடந்தது பாரதிராஜா இயக்கி, ஆர். செல்வராஜ் கதை எழுதிய 'முதல் மரியாதை' (1985). சிறந்த தமிழ்ப் படத்திற்கும், வைரமுத்துவின் பாடலுக்கும் தேசிய விருது பெற்ற படம் இது. மாமன் குடும்பத்தின் மானம் காக்கப் பொன்னாத்தாளை மணந்து, பெயரளவில் மட்டும் கணவனாய் வாழ்ந்த மலைச்சாமிக்கும், பரிசல் ஓட்டும் குயிலுக்கும் இடையே அன்பு முகிழ்க்கிறது. ஆடவன் முதியன், பெண் இளையள். உரையாசிரியர் வகுத்த முதல்வகைப் பெருந்திணை இது. ஆயின் படம் அதனை இழிவாகக் காட்டவில்லை. சாவுப் படுக்கையில் கிடப்பவரின் உயிர், சிறையிலிருந்து அவள் வரும்வரை காத்திருக்கிறது. முதல் மரியாதை என்பது கோயிலில் ஊர்ப் பெரியவர்க்கு ஊரறிய அளிக்கப்படும் சிறப்பு. ஊர் அறியலாகாது என மறைத்த அன்புக்கு அப்பெயரைச் சூட்டியதே படத்தின் துணிவு. முதியவர்க்கு ஊர் மரியாதை தரும், காதலைத் தராது. அவர் வேண்டியதோ பின்னதையே.

மூன்று படங்களையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். மூன்றிலும் முதுமை ஆடவனுக்கே உரியதாக இருக்கிறது. சாவித்திரி கணவனின் முதுமையில் கரைகிறாள். சந்தானத்தின் மனைவிக்கு முதுமையே கிடைக்கவில்லை. குயில் இளையவள். உடன் மூத்த பொன்னாத்தாளோ வசைமொழியால் மட்டுமே அறியப்படுகிறாள். அன்பற்ற மணவாழ்வில் அவளும் ஒரு வாழ்நாளைக் கழித்தவள் என்பது எண்ணப்படவில்லை. உரையாசிரியர் பெண்ணின் முதுமைக் காதலுக்கும் ஒரு வகை தந்தனர், பழிப்பாகவேனும். இப்படங்கள் அதனையும் தரவில்லை.

கப்பலேறிச் சென்றவனுக்காக வளவு வீட்டில் நரைகண்ட ஆச்சி, அறுபதாம் ஆண்டில் மீண்டும் மாலை சூடியபோது எண்ணியது யாது? பிரிவாற்றிய இளந்தலைவிக்கு எட்டுத்தொகையில் குரல் உண்டு. அவளே முதியளாகிப் பேசும் பாட்டு தமிழில் அரிது. அதனைப் பாடும் கடன் கவிஞர்க்கு இன்னும் எஞ்சியே இருக்கிறது.