ஆடு மட்டும் சொன்னால் போதுமா?



மூலிகை மருத்துவம் தழைக்கப் பெரிதும் தேவை பரம்பரை அனுபவமா, சட்டமும் படிப்புமா? சட்டமும் படிப்புமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு போடு போட்டார். "எங்க பாட்டி கொடுத்த கஷாயத்துக்கு எந்த ஆபீசர் வந்து முத்திரை குத்தினான்?" என்று கேட்டார். நீங்களும் தட்டினீர்கள், நானும் தட்டினேன். பாட்டியை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? (சிரிப்பு)

பாட்டிக்கு முத்திரை வேண்டாம்தான். ஏன்? செடியை அவளே பார்த்தாள், அவளே பறித்தாள், அவளே இடித்தாள், தன் பேரனுக்கே கொடுத்தாள். தப்பு நடந்தால் அழுகைச் சத்தம் அவள் வீட்டில்தான் கேட்கும். அதைவிடப் பெரிய கட்டுப்பாடு உண்டா? ஆனால் இன்றைக்கு? பறிப்பவர் ஒருவர், காயவைப்பவர் ஒருவர், அரைப்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர், விழுங்குபவர் ஒருவர். அந்தப் பாட்டியின் இடத்தில் இப்போது யார் நிற்பது?

யாரும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது ஐயா. பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரம். உடல் இளைக்க மருந்து கொடுக்கிற ஓர் இடம். பல வருஷமாக நடந்தது, பெரிய வில்லங்கம் எதுவும் இல்லை. 1990-இல் இரண்டு சீன மூலிகைகளை மருந்தோடு புதிதாகச் சேர்த்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இளம்பெண்கள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். மெலியப் போன பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப் போயிருந்தது! வான்ஹெர்வெகெம் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1993-இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு பெயர்க் குழப்பம்! சீனத்தில் 'ஹான் ஃபாங் ஜி' என்று ஒரு மூலிகை. 'குவாங் ஃபாங் ஜி' என்று இன்னொன்று. முன்னது கேட்ட சரக்கு. பின்னது அரிஸ்டோலோக்கியா இனம், சிறுநீரகத்துக்கு நஞ்சு. கேட்டது ஒன்று, மூட்டையில் வந்தது இன்னொன்று. பொடியாகிவிட்டால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் 39 பேருக்கு, புற்றுநோய்க்குப் பயந்து, கெட்ட சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்தார்கள். 18 பேருக்கு ஏற்கெனவே சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய்! 2000-ஆம் ஆண்டில் வெளியான கணக்கு இது.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். "கொடுத்தவர் படித்த டாக்டர்தானே, எங்கே போயிற்று உங்கள் படிப்பு?" என்று கேட்கப் போகிறார். நியாயம். படித்தார்கள், ஆனால் மூலிகையைப் படிக்கவில்லையே! சமையல் தெரியாத எம்.ஏ. அடுப்படிக்குப் போன கதைதான். (சிரிப்பு, கைதட்டல்) அதனால்தான் மூலிகைக்கென்றே படிப்பு வேண்டும் என்கிறேன்.

சீனக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அதே அரிஸ்டோலோக்கியா இனம் நம் வயல்வரப்பிலும் இருக்கிறது. ஆடுதின்னாப்பாளை! ஆடு தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்தான் தமிழன். சரி, ஆட்டையே அதிகாரி ஆக்கிவிடலாமா? ஆடாதொடையும் ஆடு தொடாத இலைதான். அது இருமலுக்கு மருந்து! இரண்டுக்கும் ஆடு ஒரே தீர்ப்புத்தான் சொல்லும். அங்கே அனுபவம் நின்றுவிடுகிறது, ஆய்வு தொடங்குகிறது. அரிஸ்டோலோக்கியா சேர்ந்த மூலிகை மருந்துகள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இல் அறிவித்தது. எந்த ஆட்டுக்கும் அது தெரியாது.

இந்தத் தேவையை நம் முன்னோர் உணராமல் இல்லை. 1921-இல் சென்னை மாகாண அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1923-இல் அறிக்கை வந்தது. 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் வகுப்பு. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் முதல்வர். அந்த இடத்தில்தான் 1960-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வந்தது, ஆங்கில மருத்துவத்துக்கு! 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

சட்டமும் அப்படித்தான் தாமதமாக வந்தது. 1940-இல் மருந்துச் சட்டம் போட்டார்கள், நம் மருந்துகளை வெளியே நிறுத்திவிட்டார்கள். 1964-இல்தான் அவற்றுக்கென்று தனி அத்தியாயம். தயாரிப்புக் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி 2000-இல்தான் வந்தது. இத்தனை வருஷம் சட்டம் இல்லாமல் யாருக்கு லாபம்? நல்ல வைத்தியருக்கா? போலிக்குத்தானே! நல்ல வைத்தியர் ஒருவர் பேர் எடுக்க முப்பது வருஷம் ஆகிறது. போலி ஒருவன் அந்தப் பேரைக் கெடுக்க ஒரு டப்பா போதும்.

"சட்டம் வந்தால் பரம்பரை அழியும்" என்றார்கள். சித்தர் மரபே சட்டத்தின் மரபு ஐயா! சேராங்கொட்டையை அப்படியே யாராவது கொடுப்பார்களா? சுத்தி செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். எத்தனை நாள், என்ன பத்தியம், யாருக்குக் கூடாது, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. குருவிடம் இருந்து கற்காதவன் தொடவே கூடாது என்பதும் விதி. அன்றைக்கு அதைக் காப்பாற்றியவர் குரு. இன்றைக்குக் குருவையே பார்க்காதவன் லேகியம் விற்கிறானே, அவனைக் கேட்பது யார்?

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று கவனிப்பவர். அந்த நான்காமவர் நோயாளியின் தலைமாட்டில் மட்டும் இருந்தால் போதாது; மருந்து அரைக்கிற இடத்திலும் ஒருவர் நிற்க வேண்டும் என்கிறேன் நான். (கைதட்டல்)

தாய்மார்களே, அடுத்த முறை டப்பா வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன சரக்கு, உரிம எண் எது, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையா? அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் அதைத்தான் செய்வாள். ஆகவே, நடுவர் அவர்களே, சட்டமும் படிப்புமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.