சாலையோர உடன்பாடு: சிறு வாகனச் சேதங்களைப் பேசித் தீர்க்கும் வழக்கத்தின் வரலாறு

இரண்டு வாகனங்கள் உரசிக்கொண்டு, யாருக்கும் காயமின்றித் தகடு மட்டும் நசுங்கிய நிலையில், காப்பீட்டு நிறுவனத்தையும் காவல் நிலையத்தையும் நாடாமல் இரு தரப்பினரும் ஒரு தொகையைப் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம், தமிழகத்தில் பெரும்பாலும் சட்டத்தை ஏய்க்கும் குறுக்குவழியாகவே பார்க்கப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டங்களையும் காப்பீட்டு விதிகளையும் அவை பிறந்த ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால், இந்தப் பார்வை பாதி உண்மையே என்பது புலப்படும். ஏனெனில், நசுங்கிய தகட்டுக்கு ஈடு தருவது யார் என்ற கேள்விக்கு இந்நாட்டு மோட்டார் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை சொல்லாமலே இருந்தது. அந்த இடைவெளியில்தான் சாலையைப் பயன்படுத்தியோர் தமக்கென ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டனர்.

சென்னையில் கார் புழங்கத் தொடங்கிய காலத்தில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் எம்.சி.-1 என்ற எண்ணையும், கட்டட ஒப்பந்தக்காரரான நம்பெருமாள் செட்டியாரின் கார் எம்.சி.-3 என்ற எண்ணையும் பெற்றிருந்த அந்நாளில், வாகன உரிமையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்தினராகவே இருந்தனர். பழுதுபார்ப்பும் பழைய கைகளிடமே இருந்தது: 1840-இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன் நிறுவனத்தில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார் என்பது, வண்டி கட்டும் தொழிலிலிருந்தே கார் உடலை ஒக்கிடும் தொழில் கிளைத்ததைக் காட்டுகிறது. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் ஒழுங்குபடுத்தியதேயன்றி, காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. சேதமடைந்தவருக்கு இருந்த சட்டவழி உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்கு இழப்பீடு கோரி வழக்கிடுவது ஒன்றே. நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் கால தாமதமும் சேர்ந்தால் ஒரு மட்கார்டின் விலையை அவை பன்மடங்கு மிஞ்சிவிடும் என்பதால், அவ்வழியை நாட எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபின், அதே கருத்து 1939-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் எட்டாம் அத்தியாயமாக இடம்பெற்று, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் தரப்பு என்பது காப்பீடு எடுத்தவரும் காப்பீட்டு நிறுவனமும் அல்லாத வெளியாளை, அதாவது வாகனத்தால் பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும். ஆனால், அன்றைய சட்டம் அவருடைய உயிரையும் உடலையும் மட்டுமே காப்புக்குள் கொண்டுவந்தது. அவருடைய வண்டியும் சுவரும் கடையும் அதற்குள் வரவில்லை. 1956-இல் திருத்தத்தின் வழியே ஏற்படுத்தப்பட்ட மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயங்களும் உயிரிழப்பையும் காயத்தையும் மட்டுமே விசாரித்தன. 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் 1970 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோதுதான் மூன்றாம் தரப்பின் பொருட்சேதத்துக்கும் கட்டாயக் காப்பு கிடைத்தது. அதுவும் 2,000 ரூபாய் வரை மட்டுமே. 1989 ஜூலை 1 முதல் செயலுக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரம்பை 6,000 ரூபாயாக உயர்த்தியது. கட்டாயக் காப்பீடு வந்தபின்னும் ஏறத்தாழ 24 ஆண்டுகள் நசுங்கிய கதவு சட்டத்தின் பார்வைக்கு வெளியே கிடந்தது என்பதை நினைவில் கொண்டால், பேசித் தீர்க்கும் பழக்கம் அத்தலைமுறை ஓட்டுநர்களிடம் ஊறிப்போனதில் வியப்பில்லை.

அப்பழக்கம் நிலைத்ததற்குச் சட்டத்தின் மௌனம் மட்டும் காரணமன்று. அக்காலக் கார்களின் உடலமைப்பும் அதற்கு இடங்கொடுத்தது. அம்பாசிடர், பியட், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் கனமான எஃகுத் தகட்டால் ஆனவை. நசுங்கிய இடத்தை உள்ளிருந்து சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசிச் சமப்படுத்தி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தெளித்துவிட்டால் வண்டி மீண்டும் சாலைக்குத் தயாராகிவிடும். தமிழ்நாடெங்கும் டிங்கரிங் என்று வழங்கும் இந்த வேலைக்குப் புதிய உதிரிப்பாகம் தேவைப்படுவது அரிது. தேவைப்பட்டாலும் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கழற்றி எடுத்த பாகம் மலிவாகக் கிடைத்தது. பணியின் பெரும்பகுதி கூலியாகவே இருந்ததால், சேதத்தைப் பார்த்தவுடனேயே தொகையைச் சொல்லிவிட முடிந்தது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பட்டறைக்காரர், தகட்டைத் தடவிப் பார்த்துச் சொல்லும் மதிப்பே உடன்பாட்டுக்கு அடிப்படையாக அமைந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் சர்வேயர் என்னும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒப்படைக்கும் வேலையை, இங்கே பட்டறை முதலாளி ஊதியமின்றிச் செய்தார். அவர் சொல் நியாயமாக இருந்ததற்குக் காரணமும் உண்டு: இன்று ஒரு தரப்பை ஏமாற்றினால் நாளை அந்தத் தரப்பின் வண்டி அவர் பட்டறைக்கு வராது. வரலாற்று நூல்களில் பெயர் பதியாத இத்தொழிலாளர்களே இந்த முறையின் உண்மையான நடுவர்கள்.

பொதுக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. நான்கும் ஒரே கட்டண அட்டவணையைப் பின்பற்றியதால், வாடிக்கையாளரைக் கவர இழப்பீட்டை விரைந்து தரவேண்டும் என்ற நெருக்குதல் குறைவாகவே இருந்தது. இதைவிட ஆழமான காரணம் அட்டவணைக்குள்ளேயே இருந்தது. ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராதவருக்கு மறு ஆண்டு பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ், 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 எனப் படிப்படியாக ஏறி 50-இல் நிற்கும். ஒருமுறை இழப்பீடு பெற்றால் அது சுழியத்துக்கு இறங்கிவிடும். இதனுடன், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிக்கும் விதியும், ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் தாமே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவுத் தொகையும் சேர்கின்றன. ஒரு கணக்கு இதை விளக்கும்: 8,000 ரூபாய் விலையுள்ள பம்பர் ஒன்றுக்குத் தேய்மானம் 4,000 ரூபாயும் கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும் போக நிறுவனத்திடமிருந்து வருவது 3,000 ரூபாய், சொந்தச் சேதத்துக்கான ஆண்டு பிரீமியம் 12,000 ரூபாயாக உள்ள ஒருவர் 50 விழுக்காட்டுத் தள்ளுபடியை இழந்தால், முதல் புதுப்பித்தலிலேயே அவருக்கு நேரும் இழப்பு 6,000 ரூபாய், பழைய நிலையை அவர் மீண்டும் எட்டுவது ஆறாவது புதுப்பித்தலில்தான். சிறு சேதத்துக்குக் காப்பீட்டை நாடாதவரை அறியாமையுள்ளவர் என்று கருதுவது இக்கணக்கின் முன் நிற்காது.

வாடகைக்கு ஓடும் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களின் நிலை இன்னும் கடினமானது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்தவருக்குத் தம் வண்டியின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களின் வருமான இழப்பு வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டுள்ளது. சாலையில் பேசும்போதோ, தகட்டின் கூலியோடு இரண்டு நாள் வாடகையையும் சேர்த்துக் கேட்பது இயல்பாக ஏற்கப்பட்டது. காப்பீட்டு ஆவணம் கணக்கில் கொள்ளாத ஒரு நட்டத்தை ஓட்டுநர்களின் வழக்கம் கணக்கில் கொண்டது என்பது, இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான வாதம்.

காவல் நிலையத்தைத் தவிர்த்ததற்கும் தெளிவான காரணங்கள் உள்ளன. ஆள் காயமடையாத, வேண்டுமென்றே செய்யப்படாத தகட்டுச் சேதம் அடிப்படையில் இருவருக்கு இடையிலான உரிமையியல் விவகாரமே. எனினும், அபாயகரமாக வாகனம் ஓட்டுவது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவின்படியும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்படியும், தரப்பினர் தமக்குள் சமரசம் செய்துகொள்ள முடியாத குற்றமாகும். வழக்குப் பதிவானால், மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தரும்வரை வண்டி நிலையத்தின் வாசலில் நிற்க நேரலாம் என்ற அச்சம், உரிமையாளரையும் ஓட்டுநரையும் ஒருசேர உடன்பாட்டின் பக்கம் தள்ளியது. ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டிலேயே இந்த எல்லையை வரைந்துவிட்டது: தமக்கு வரவேண்டியதற்கு ஈடாக ஒருவர் எந்தத் தொகையையும் ஏற்று முடித்துக்கொள்ளலாம், ஆனால், குற்ற வழக்கைக் கைவிடுவதற்கு விலையாகப் பணம் பேசும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, சேதத்துக்கான பணம் செல்லுபடியாகும். புகார் தரமாட்டேன் என்று வாங்கிய வாக்குறுதி நீதிமன்றத்தில் நிற்காது.

காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வழக்கத்தை ஒருபோதும் ஏற்றதில்லை. நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதலின்றித் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தர வாக்களிக்கவோ கூடாது என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளுள் ஒன்று. அதற்கு நியாயம் உண்டு: சாலையில் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர் பின்னர் கழுத்து வலிக்காகத் தீர்ப்பாயத்துக்குச் சென்றால், அங்கே வாதாட வேண்டியது நிறுவனமே. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும், பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால்கூட ஓட்டுநர் காவல்துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தரவேண்டும் என்கிறது. ஆயினும், நாக் ஃபார் நாக் எனப்படும் ஏற்பாட்டின் வழியே காப்பீட்டு நிறுவனங்களும் தமக்குள் இதேபோன்ற முடிவுக்குத்தான் வந்தன: இரு வாகனங்கள் மோதினால், தவறு யாருடையது என்று வழக்காடாமல், ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளரின் வண்டிக்குத் தானே பணம் தந்துவிட்டு மற்றதன்மீது உரிமை கோராமல் விடுவதே அந்த ஏற்பாடு. வழக்காடும் செலவு சேதத்தை மிஞ்சும் என்ற, ஓட்டுநர்கள் கண்டறிந்த அதே உண்மையே நிறுவனங்களையும் வழிநடத்தியது.

இவ்வளவு சொன்னபின், இம்முறையின் கொடுமைகளை மறைப்பது நேர்மையாகாது. சமநிலையில் உள்ள இருவர் பேசும்போது நியாயமாக அமையும் உடன்பாடு, ஒருவர் பலம் மிக்கவராக இருக்கும்போது மிரட்டலாக மாறிவிடுகிறது. கூடிய கூட்டம் பெரிய வண்டியைக் குற்றவாளியாக்கும். அரசியல் கொடி கட்டிய வண்டியாக இருந்தால் அதே கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். சம்பளத்துக்கு ஓட்டுபவர் தரும் தொகை பெரும்பாலும் அவருடைய பேட்டாவிலிருந்தே பிடிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவர் அந்த நேரத்தில் எழுந்து நின்றார் என்பதற்காக, அவருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவைத்த வழக்கம் மன்னிக்கத் தக்கதன்று. தலையில் பட்ட அடி பல மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டிக்கொள்ளலாம். தகட்டுக்குப் பொருந்திய முறையை உடலுக்கும் நீட்டியதே இவ்வழக்கத்தின் மிகப் பெரிய பிழை.

2007 ஜனவரி 1 முதல் கட்டண அட்டவணையின் பிடி தளரத் தொடங்கியபின், தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு பம்பர் டு பம்பர் என்ற பெயரில் பரவியது. நிறுவனமே பணிமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் வசதியும் பெருகியது. கார்களின் உடலும் மாறிவிட்டது. பிளாஸ்டிக் பம்பரைத் தட்டி நிமிர்த்த முடியாது. அதன் பின்னே உணரிகளும் கேமராவும் பொருத்தப்பட்ட கார்களில், வெளியே கீறலாகத் தெரிவது உள்ளே எவ்வளவு சேதம் என்பதைப் பட்டறைக்காரரின் விரல்கள் சொல்ல இயலாது. உடன்பாட்டுக்கு ஆதாரமாக இருந்த விரைவான, நம்பத்தக்க மதிப்பீடு இவ்வாறு கரைந்துவருகிறது. மறுபுறம், கைப்பேசியில் எடுக்கும் படமும் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் பணமும், முன்பு இல்லாத சான்றை இம்முறைக்குத் தந்துள்ளன.

தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூர் இதில் வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்கு 2008 ஜூன் முதல் எந்த விபத்தையும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அதேவேளையில், இரு ஓட்டுநர்களும் தமக்குள் முடித்துக்கொள்ள விரும்பினால் கையொப்பமிடுவதற்கான படிவத்தைப் பொதுக் காப்பீட்டுச் சங்கமே வழங்குகிறது. தகவல் தெரிவிக்கும் கடமையையும் பேசித் தீர்க்கும் உரிமையையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழகத்தில் தலைமுறைகளாக வாய்ச்சொல்லிலேயே நடந்துவரும் இம்முறைக்கும் அத்தகைய ஓர் எழுத்து வடிவம் வேண்டும். வாகன எண், நாள், இடம், சேத விவரம், ஒப்புக்கொண்ட தொகை, யாருக்கும் காயமில்லை என்ற இரு தரப்பு உறுதி ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தை ஒவ்வொரு பாலிசியுடனும் இணைத்துத் தருவதையும், அதில் கையொப்பமிட்டுத் தகவல் தந்தவரின் போனஸைக் குறைக்காதிருப்பதையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.