போர்வீரன் ஏன் போனை எடுத்தான்?

வெள்ளி பின்னேரம் விரிவுரை முடிஞ்சால், கன்ரீனுக்குப் பின்னால கிடக்கிற மேசையில நாங்கள் ஐந்து பேர் கூடுவம். விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரம். அடி விழுந்ததா, தப்பியதா எண்டு பகடை சொல்லும்.

ஐந்தாவது லெவல் வரைக்கும் பிரச்சினை இருக்கேல்ல. அந்த லெவலில் மந்திரவாதிக்குத் தீக்கோளம் கிடைத்தது. 20 அடி ஆரைக்குள் நிற்கிற எல்லார் மேலும் எட்டுப் பகடை அளவு சேதம். அதே லெவலில் எங்கட போர்வீரனுக்குக் கிடைத்தது, ஒரு வெட்டுக்குப் பதிலாக இரண்டு வெட்டு. குகைக்குள் நின்ற கூட்டம் அவனுக்கு முறை வர முதலே கரிஞ்சு போச்சு. மூன்றாவது வாரம் அவன் சண்டைக்கு நடுவில போனை எடுத்தான். நாலாவது வாரம் “அசைன்மென்ட் கிடக்கு” எண்டு வரவே இல்லை.

“மந்திரம் எண்டால் அப்பிடித்தானே” எண்டு முதலில் நாங்கள் சொன்னம். பிறகு தேடிப் பார்க்கத்தான் தெரிஞ்சது, இந்தச் சண்டைக்கு ஐம்பது வயது.

1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ எண்ட போர் விளையாட்டை வெளியிட்டார்கள். சின்னச் சின்ன உருவங்களைப் படையாக நிறுத்தி விளையாடுவது. அதன் பின்னிணைப்பில் மந்திரவாதி வருகிறான். அவனுடைய தீக்கோளத்துக்குப் பெரிய கவண்பொறியின் அளவையும், மின்னலுக்குப் பீரங்கியின் அளவையும் கொடுத்திருந்தார்கள். அதாவது மந்திரவாதி ஒரு பீரங்கி. அதில் அநியாயம் ஒண்டும் இல்லை. ஒரே ஆளின் படைக்குள் பீரங்கியும் சிப்பாயும் சமமாக இருக்கத் தேவையில்லையே.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸைக் கொண்டு வந்தபோது நிலைமை மாறியது. இப்போது ஒருவருக்கு ஒரு பாத்திரம்தான். பீரங்கியும் சிப்பாயும் இரண்டு நண்பர்களாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். சமநிலை என்ற கேள்வி பிறந்த இடம் இதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

கைகாக்ஸின் பதில் காலத்தைப் பங்கு போடுவது. 1978இல் வந்த விளையாட்டாளர் கைநூலில், முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். சொன்னதும் அது மனதிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்த யோசனை அது. கவசம் இல்லை. உயிர்ப்புள்ளிக்கு நாலு பக்கப் பகடை. வீரனுக்கோ பத்துப் பக்கப் பகடை. இரண்டாம் லெவலுக்கு வீரனுக்கு ஏறக்குறைய 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். மந்திரம் சொல்லும்போது அடி பட்டால் மந்திரமும் போச்சு. இவ்வளவையும் தாண்டி உயிரோடு வந்தவன்தான் பிறகு மலையைப் புரட்டுவான்.

வீரனுக்கும் பிற்காலம் இருந்தது. ஒன்பதாவது லெவலில் அவன் பிரபு. கோட்டை கட்டினால் படை தானாகத் தேடி வரும், அவன் நிலத்துக் குடிகளிடம் வரி கிடைக்கும். மந்திரவாதியும் பின்னாளில் கோட்டை கட்டலாம், ஆனால் படை தேடி வராது. ஒருவனுக்கு மந்திரம், மற்றவனுக்கு அரசியல் அதிகாரம். அரசறிவியல் படிக்கிற எங்களுக்கு இது பிடித்த இடம்.

ஆனால் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த வேலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எல்லாருக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை. அடி பட்டாலும் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றலாம். முதல் லெவலிலேயே மந்திரத்தை ஓலையில் எழுதிச் சேமிக்கலாம். வீரனின் படையும் அவனுக்கே உரிய சொத்தாக இருக்கவில்லை. மந்திரவாதியின் தடைகளைக் குறைத்தவர்கள், வீரனிடமிருந்து எடுத்ததற்கு ஈடு கொடுக்கவில்லை.

கணினியில் வேறு வழி தேடினார்கள். 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த டிக்குமட், எழுத்தால் மட்டுமே ஆன உலகம். மந்திரவாதி, மதகுரு, திருடன், வீரன் என நாலு வகை அதில். அந்தப் பாணியில் 1999இல் எவர்குவெஸ்ட் வந்தது. அங்கே வீரனின் வேலை அடி வாங்குவது. மிருகத்தைச் சீண்டித் தன் பக்கம் இழுத்து வைத்தால்தான் மந்திரவாதி உயிர் பிழைப்பான். ஒருவரில்லாமல் மற்றவர் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மந்திரம் தெரிந்த சிலர் மிருகத்தை மெதுவாக்கிவிட்டு, ஓடி ஓடித் தனியாகவே கொன்றார்கள். வீரனோ குழு கிடைக்கும் வரை காத்துக்கொண்டே இருந்தான்.

2004இல் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் இன்னொன்று செய்தது. மந்திரவாதியின் சக்தி நிறைந்து தொடங்கிக் குறையும். வீரனின் ஆவேசம் பூச்சியத்தில் தொடங்கி, அடிக்க அடிக்க, அடி வாங்க வாங்க ஏறும். இரண்டு பேரும் ஒரே சண்டையை வெவ்வேறு தாளத்தில் வாழ்கிறார்கள்.

2008இல் நாலாம் பதிப்பு நேரடியாகவே வெட்டியது. எல்லாருக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் பாவிக்கும் திறன், சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. கணக்கில் சமம். ஆனால் வாளும் மந்திரமும் ஒரே மாதிரி இருக்கு எண்டு பலர் முறைப்பட்டார்கள். அடுத்த வருடமே பழைய விதிகளைத் தொடர்ந்த பாத்ஃபைண்டருக்குக் கன பேர் போனார்கள். சமம் வேறு, ஒரே மாதிரி வேறு எண்டதை அந்தப் பதிப்பு காட்டியது.

நாங்கள் விளையாடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. எங்கட பிழை அங்கேதான் பிடிபட்டது. நடத்துநர் கைநூல், ஒரு நாளுக்குள் ஆறிலிருந்து எட்டுச் சண்டை வரை தாங்கலாம் எண்டு கணக்குப் போடுகிறது. எங்கட கதையில் நாளுக்கு ஒரு சண்டை, பிறகு நித்திரை. மந்திரவாதி எல்லாவற்றையும் ஒரே தரத்தில் கொட்டிவிட்டு விடிய நிறைந்து எழும்புவான். வீரனின் பலமே களைக்காமல் நிற்பதுதான். களைக்க நேரமே இல்லாத இடத்தில் அந்தப் பலம் யாருக்குத் தெரியும்?

2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ விளையாடினவர்களுக்கு இன்னொரு வழி தெரியும். லெவல் 12உடன் நிறுத்திவிட்டார்கள். மந்திரவாதி எட்டாத உயரத்துக்குப் பறக்கும் வாசலில் கதை முடிகிறது. வீரனுக்கு மூன்றாவது வெட்டும் அதற்குள் கிடைத்துவிடும்.

இவ்வளவையும் படித்த பிறகு எங்களுக்குத் தெரிந்தது இதுதான். சமநிலை எண்டது யாருடைய அடி பெரிது எண்ட கணக்கு மட்டும் இல்லை. யார் யாருக்காகக் காத்திருக்கிறார், எவ்வளவு நேரம் எண்டதும்தான். “இப்ப பொறு, பிறகு உன்ர காலம் வரும்” எண்ட வாக்குறுதி, அந்தக் காலம் உண்மையிலேயே வந்தால்தான் நியாயம்.

போன வெள்ளி நீண்ட ஓய்வுக்கு முதல் மூன்று சண்டை வைத்தம். மூன்றாவதில் மந்திரவாதியிடம் சின்ன மந்திரங்கள்தான் மிச்சம். ஒடுக்கமான பாலத்தில் வீரன் தனியே நின்றான். போன் பையிலேயே கிடந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது எண்டு சொல்ல மாட்டம். சண்டைக்கு வெளியே மந்திரவாதி பறக்கிறான், பூட்டுத் திறக்கிறான், வேஷம் மாறுகிறான்; வீரன் கதவைத் தள்ளுகிறான். அதற்கு என்ன செய்வது எண்டு இன்னும் வாக்குவாதம். உங்கட மேசையில் இப்ப யார் போன் பார்த்துக்கொண்டு இருக்கினம்?